விருந்தினரின் ஓய்வாடையும் நெசவாளரின் தறியும்

ஜப்பானின் மரபுவழி விடுதிகள் ‘ரியோகான்’ எனப்படும். அவற்றில் தங்கச் செல்லும் விருந்தினர், தம் அறைக்குள் நுழைந்ததும் மடித்து வைக்கப்பட்ட ஓர் ஆடையைக் காண்பார். அது பருத்தியால் ஆன தளர்வான நீள் அங்கி. உடன் ஓர் இடைக்கச்சையும் இருக்கும். வெந்நீர் ஊற்றில் நீராடச் செல்லும்போதும், இரவு உணவின்போதும், உறங்கும்போதும் விருந்தினர் உடுத்துவது அந்த ஓர் ஆடையையே. ஹியோகோ மாநிலத்திலுள்ள கினோசாகி என்னும் சிற்றூரில் ஏழு பொது நீராட்டு இல்லங்கள் உள்ளன. மாலை நேரத்தில் அவ்வூர்த் தெருக்களில், விடுதி தந்த ஆடையோடும் மரக் காலணியோடும் விருந்தினர் ஓர் இல்லத்திலிருந்து மற்றோர் இல்லத்திற்கு நடந்து செல்வதைக் காணலாம்.

விடுதி அறை எவ்வளவு அழகுற அமைந்திருந்தாலும் விருந்தினர் அதைக் கண்ணால் மட்டுமே காண்கிறார். ஓய்வாடையோ அவர் உடலைத் தொட்டுக்கொண்டே இருப்பது. ஆகவே அண்மைக் காலத்தில் சொகுசு விடுதிகளும் சொகுசு ரயில்களும், தங்கள் பகுதியின் மரபு நெசவுகளைக் கொண்டு விருந்தினருக்கான ஓய்வாடையை உருவாக்குவதில் அக்கறை கொள்கின்றன. பார்வைக்கு எளிதாகத் தோன்றும் இப்பணி உண்மையில் கடினமானது. பல தலைமுறைகளாகக் கையால் துவைத்து, ஒருவரே போற்றி உடுத்துவதற்கென நெய்யப்பட்ட துணி, இனி ஒவ்வொரு நாளும் வேறொருவர் உடுத்தி, மறுநாள் சலவை எந்திரத்திற்குள் செல்ல வேண்டியதாகிறது. இம்மாற்றத்தை அத்துணி எவ்வாறு தாங்குகிறது என்பதையும், அதனால் நெசவாளருக்கு விளைவது என்ன என்பதையும் இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

நீராட்டு ஆடையாகத் தோன்றியது

விடுதியில் தரப்படும் நீள் அங்கியின் பெயர் ‘யுகாத்தா’. முற்காலத்தில் உயர்குடியினர் நீராவிக் குளியலின்போது அணிந்த நார்த்துணி ஆடையே இதன் மூலம். ஏதோ காலத்தில் பருத்தி பரவலாகக் கிடைக்கத் தொடங்கியபின், குறிப்பாக எதோ காலம் எனப்படும் 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையான காலத்தில், அது பொதுமக்களின் குளியலுக்குப் பிந்திய ஆடையாகவும் கோடை ஆடையாகவும் மாறிற்று. ஈரத்தை உறிஞ்சுவதும் காற்றை உள்ளே விடுவதுமே அதன் முதற் கடமைகள்.

அதன் வெட்டு முறையையும் நாம் அறிந்துகொள்ள வேண்டும். மரபான ஜப்பானியத் துணி ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் கொண்ட சுருளாக நெய்யப்படுகிறது. ஒரு சுருள் ஒருவருக்கான ஆடைக்குப் போதுமானது. அதை நேர்கோட்டில் மட்டுமே வெட்டுவர். மிகுதியான பகுதியை வெட்டி எறியாமல் தையலுக்குள் மடித்து வைப்பர். தேவைப்படும்போது பிரித்து, துவைத்து, மீண்டும் தைக்கலாம். வேட்டியையும் சேலையையும் நன்கறிந்த நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். உடலின் அளவுக்கேற்பத் துணியை வெட்டுவதற்கு மாறாக, துணியை உடலுக்கேற்பச் சுற்றிக்கொள்ளும் முறை இது. ஒரே அளவுள்ள ஆடை பலருக்கும் பொருந்துவதற்கு இதுவே காரணம்; விடுதிகள் யுகாத்தாவை விரும்பியதற்கும் இதுவே காரணம்.

உடுத்தும் முறையில் ஒரு விதி உண்டு. வலப்புறத்தை உடலோடு ஒட்டி வைத்து, இடப்புறத்தை அதன் மேலே கொண்டுவந்து கட்ட வேண்டும். இதற்கு மாறாக உடுத்துவது இறந்தோருக்குச் செய்யும் முறை. அயல்நாட்டு விருந்தினர் அறியாமல் தவறிவிடக்கூடும் என்பதால், இதைப் படத்துடன் விளக்கும் சிறு குறிப்பை விடுதிகள் அறையில் வைப்பதுண்டு. ஓய்வாடையை வடிவமைப்பவர் இத்தகைய நுட்பங்களையும் கருத்திற்கொள்ள வேண்டும்.

ரயில் அறைக்குள் வந்த கைவினை

2013ஆம் ஆண்டு அக்டோபரில் கியூஷு தீவில் ‘செவன் ஸ்டார்ஸ்’ என்னும் சொகுசு ரயில் ஓடத் தொடங்கிற்று. ஏழு பெட்டிகளும் 14 அறைகளும் கொண்டதாக அது தொடங்கப்பட்டது. அதன் வடிவமைப்பாளர் எய்ஜி மிதோகா, தீவின் கைவினைஞர்களை அப்பணியில் ஈடுபடுத்தினார். ஒக்காவா நகரின் நுண்மரப் பின்னல் வேலைப்பாடு அதன் பெட்டிகளில் இடம்பெற்றது. அறைகளின் கைகழுவு தொட்டிகளைப் புகழ்பெற்ற பீங்கான் கலைஞர் பதினான்காம் சாகாய்தா ககியேமோன் உருவாக்கினார். ரயில் புறப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னரே அவர் மறைந்தார். 2017ஆம் ஆண்டு மே மாதம் கிழக்கு ஜப்பானில் ‘ஷிகி-ஷிமா’ என்னும் ரயிலும் பயணத்தைத் தொடங்கிற்று.

இத்தகைய ரயில்களில் பயணம் செய்வோர் ஓரிடத்தை விரைவில் சென்றடைவதற்காகப் பணம் செலுத்துவதில்லை. கடந்து செல்லும் நிலப்பகுதியின் உணவு, மண், மரம், நெசவு ஆகியவற்றை அறிவதற்காகவே செலுத்துகின்றனர். எனவே இத்தகைய பயணத்தில் எங்கும் கிடைக்கும் பொதுவான குளியலங்கியை அறையில் வைத்தால் அது பொருந்தாது. அந்நிலப்பகுதியின் துணி எது, அதை உறங்குவோர் உடுத்த முடியுமா என்னும் கேள்வி இங்குதான் எழுகிறது. இதற்கு விடையளிக்கக்கூடிய மூன்று மரபுகளைக் காண்போம்.

பனியில் வெளுக்கும் துணி

முதலாவது, நீகாத்தா மாநிலத்தின் ஒஜியா சிஜிமி. ராமி என்னும் செடியின் நாரால் நெய்யப்படும் இத்துணியின் சிறப்பு அதன் மேற்பரப்பிலுள்ள நுண்சுருக்கங்களாகும். ஊடு நூலை மிகுதியாக முறுக்கி நெய்கின்றனர். நெய்து முடித்தபின் வெதுவெதுப்பான நீரில் துணியைக் கசக்கும்போது, முறுக்கிய நூல் தன் பழைய நிலைக்குத் திரும்ப முயன்று சுருங்குகிறது. அதனால் மேற்பரப்பு முழுவதும் சிற்றலைகள் உண்டாகின்றன. அவ்வலைகளின் மேடுகள் மட்டுமே தோலைத் தொடுகின்றன. இடையில் காற்று உலவுகிறது. வியர்வையிலும் துணி உடலோடு ஒட்டுவதில்லை.

ராமி நூல் உலர்ந்தால் எளிதில் அறுபடும். கடும்பனி பெய்யும் உவோனுமா பகுதியின் ஈரக்காற்று அதைக் காக்கிறது. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் தெளிந்த நாட்களில், நெய்த துணியைப் பனிப்பரப்பின் மேல் விரித்து வெயிலில் வெளுக்கச் செய்கின்றனர். இப்பகுதியின் ராமி நெசவுக் கலையை ஜப்பான் 1955ஆம் ஆண்டு முதன்மையான கலைச் சொத்தாக அறிவித்தது. 2009ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் பட்டியலிலும் அது இடம்பெற்றது.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர வேண்டும். யுனெஸ்கோ போற்றும் துணி, நாரை நகத்தால் கீறிக் கையால் நூலாக இணைத்து, நெசவாளர் தம் இடுப்பில் பிணைத்துக்கொள்ளும் தறியில் நெய்யப்படுவது. ஒரு சுருளை உருவாக்கப் பல மாத உழைப்பு தேவை. அதை விடுதியின் ஓய்வாடையாக்குவது இயலாது, முறையும் ஆகாது. அதே ஊரில், அதே முறுக்கு நுட்பத்தைக் கொண்டு, ஆலையில் நூற்ற ராமி நூலால் நெய்யப்படும் சிஜிமியும் உண்டு. ஓய்வாடைக்கு உரியது இதுவே. இவ்விரண்டையும் விருந்தினருக்குத் தெளிவாகப் பிரித்துச் சொல்வது விடுதியின் நேர்மையைச் சார்ந்தது.

உழைப்பாளர் உடுத்திய துணி

இரண்டாவது, கியூஷு தீவின் ஃபுகுவோகா மாநிலத்தைச் சேர்ந்த குருமே கசுரி. நூலை நெய்வதற்கு முன்பே, குறித்த இடங்களில் இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்க்கின்றனர். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. கட்டை அவிழ்த்து நெய்யும்போது வெண்ணிறப் புள்ளிகளும் கோடுகளும் சேர்ந்து உருவமாகின்றன. நம் நாட்டின் போச்சம்பள்ளி நெசவை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று. 1788இல் பிறந்த இனோவே டென் என்னும் பெண், பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதிலேயே இந்நெசவை உருவாக்கியதாகக் குருமே மக்கள் போற்றுகின்றனர். சாயம் வெளுத்த பழந்துணியில் கண்ட வெண்புள்ளிகளின் காரணத்தை அறிய அவர் அத்துணியை நூல் நூலாகப் பிரித்துப் பார்த்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

குருமே கசுரி உழவரும் தொழிலாளரும் உடுத்திய பருத்தித் துணி. துவைக்கத் துவைக்க மென்மையடைவது அதன் இயல்பு. ஆகவே அன்றாடச் சலவை அதற்குப் பகையன்று. மேற்சட்டையும் காற்சட்டையுமாகப் பிரித்துத் தைக்கப்படும் ஓய்வாடைக்கு இது மிகவும் ஏற்றது.

இருபுறமும் ஒரே முகம்

மூன்றாவது நெசவன்று, சாயமேற்றும் முறை. ‘சூசென்’ எனப்படும் இம்முறை மெய்ஜி காலத்தில் ஓசாக்காவில் உருவானது. துணியைப் பாய்போல் மடித்து அடுக்கி, ஒவ்வொரு மடிப்பிலும் அச்சுத்தாளின் வழியே பசையைப் பூசுகின்றனர். பின்னர் மேலிருந்து சாயத்தை ஊற்றி, கீழிருந்து எந்திரத்தால் உறிஞ்சுகின்றனர். சாயம் அடுக்கு முழுவதையும் ஊடுருவுவதால் துணியின் இருபுறமும் ஒரே நிறம் பெறுகின்றன. மேற்பரப்பில் படலம் படிவதில்லையாதலால் இழைகளுக்கு இடையே காற்றோட்டம் தடைபடுவதில்லை. மடிப்பு விலகினாலும் வெளிறிய உட்புறம் தெரியாத ஆடைக்கு இதுவே வழி.

வடிவமைப்பாளர் கடக்க வேண்டிய தடைகள்

முதல் தடை அகலம். 38 சென்டிமீட்டர் துணியில் யுகாத்தாவை எளிதாகத் தைக்கலாம். ஆனால் காற்சட்டை, அகன்ற மேலங்கி போன்றவற்றைத் தைக்கும்போது இணைப்புத் தையல்கள் பெருகுகின்றன. உறங்கும்போது அத்தையல்கள் உடலை உறுத்தும். சலவையில் முதலில் பிரிவதும் அவையே. இதற்கு விடையாக அகன்ற தறியை நாடியோரும் உண்டு. கியோத்தோவின் நிஷிஜின் பகுதியில் 1688ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹொசோ நிறுவனம், இடைக்கச்சைக்கான 32 சென்டிமீட்டர் பட்டு நெசவை 150 சென்டிமீட்டர் அகலத்தில் நெய்யும் தறியை 2010ஆம் ஆண்டு உருவாக்கிற்று. அதனால் அந்நெசவு உலகின் புகழ்பெற்ற ஆடம்பரக் கடைகளின் சுவர்களுக்கும் இருக்கைகளுக்கும் சென்றது. ஆயினும் எல்லாத் தறிகளையும் அகலப்படுத்த இயலாது. குறுகிய அகலத்தை ஏற்றுக்கொண்டு, இணைப்புகள் தோளிலும் விலாவிலும் உறுத்தாமல் விழும்படி வடிவத்தை அமைப்பது மற்றொரு வழி. தறிக்காரருக்குச் செலவு வைக்காத வழியும் அதுவே.

இரண்டாம் தடை சலவை. விடுதிகளின் துணிகள் பெரும்பாலும் வெளியிலுள்ள பெருஞ்சலவை ஆலைகளுக்குச் செல்கின்றன. அங்கே மிகுந்த வெப்பத்தில் துவைத்து, சூடான உருளைகளுக்கு இடையே செலுத்தித் தேய்ப்பர். ஒஜியா சிஜிமி அவ்வழியே சென்றால் அதன் நுண்சுருக்கங்கள் நசுங்கிவிடும். ராமி நார் நனையும்போது வலுப்பெறுவது. ஆனால் ஒரே கோட்டில் மீண்டும் மீண்டும் மடித்து அழுத்தினால் அவ்விடத்தில் முறியும். ஆகவே அதைத் தனியே பிரித்துத் துவைத்து, தேய்க்காமல் தொங்கவிட்டு உலர்த்த வேண்டும். சுருக்கமே அழகாகிய துணிக்குத் தேய்ப்பு தேவையில்லை என்பதால், இதில் ஒரு செலவு குறைவதையும் கணக்கிற்கொள்ளலாம்.

மூன்றாம் தடை சாயம். அவுரிச் சாயம் ஏற்றிய புதுத்துணி, உராயும் இடங்களில் நீலம் விடும். சொகுசு விடுதியின் படுக்கை விரிப்போ தூய வெண்ணிறம். ஆகவே ஆடையைப் பலமுறை அலசியபின் பயன்பாட்டுக்குத் தர வேண்டும். அல்லது அவுரித் துணியைப் படுக்கையில் படாத மேலங்கிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளாடையை வெளிர்நிறத் துணியால் அமைக்க வேண்டும். பருவம் மாறும்போது மேலங்கியைச் சேர்க்கவும் நீக்கவும் இயலும் என்பதால் இரண்டாம் வழி கூடுதல் பயன் தருவது.

நான்காம் தடை வடிவம். உறக்கத்தில் யுகாத்தாவின் முன்புறம் விலகும். பழக்கமில்லாதவருக்கு அது கூச்சம் தரும். அசையும் ரயிலின் குறுகிய நடையில் நீண்ட கீழ்ப்பகுதி காலைத் தடுக்கும். அகன்ற கை தேநீர்க் கோப்பையில் தோயும். ஆகவே, பௌத்தத் துறவியர் பணிசெய்யும்போது உடுத்தும் ‘சமுவே’ என்னும் மேற்சட்டை, காற்சட்டை அமைப்பைப் பலர் தேர்ந்தெடுக்கின்றனர். முன்புறம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கயிற்றால் கட்டப்படுவதால், யுகாத்தாவைப் போலவே இதுவும் பல உடலளவுகளுக்குப் பொருந்தும். அளவுகளின் எண்ணிக்கை குறைந்தால் இருப்பு வைக்க வேண்டிய ஆடைகளும் குறையும்.

இவ்வனைத்தையும் நோக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. மரபுத் துணியிலிருந்து காக்க வேண்டியது அதன் வெளித்தோற்றத்தை மட்டுமன்று. அது உடலுக்குச் செய்யும் நன்மையையே முதலில் காக்க வேண்டும். கசுரியின் உருவத்தைச் செயற்கை இழைத் துணியில் அச்சிட்டுவிடலாம். அதில் கசுரியின் மென்மை இராது. கசுரி நெசவாளருக்கு அதனால் ஒரு நாள் வேலையும் கிட்டாது.

தறியின் பக்கத்திலிருந்து

ஜப்பான் 1974ஆம் ஆண்டு மரபுக் கைவினைத் தொழில்களை வளர்ப்பதற்கென ஒரு சட்டம் இயற்றிற்று. அதன்படி ஏற்பு பெற விரும்பும் கைவினைப் பொருள் முதன்மையாக அன்றாட வாழ்வில் பயன்படுவதாக இருக்க வேண்டும். மேலும், அதன் முக்கியப் பணிகள் கையால் செய்யப்படுபவையாகவும் நுட்பம் நெடுங்கால மரபுடையதாகவும் இருத்தல் வேண்டும். காட்சிப் பேழையில் வைக்கப்படுவதற்காக மட்டும் ஒரு பொருளைக் காப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று. ஆயினும் கிமோனோ உடுத்துவோர் குறைந்துவிட்ட நிலையில், அன்றாடப் பயன் என்பதே கேள்விக்குரியதாயிற்று. விருந்தினரின் ஓய்வாடை அவ்விடத்தை ஓரளவு நிரப்புகிறது.

இத்தொழிலில் நூல் முறுக்குவோர், நூல் கட்டுவோர், சாயமிடுவோர், நெய்வோர் எனப் பணிகள் பிரிந்துள்ளன. நூல் கட்டுபவர் ஒருவர் முதுமையால் ஓய்வு பெற்று, அவரிடம் கற்றவர் எவரும் இல்லையெனில், தறி நல்ல நிலையில் இருந்தும் நெசவு நின்றுவிடும். இளைஞர் ஒருவர் கற்க முன்வர வேண்டுமானால், அடுத்த ஆண்டும் வேலை இருக்கும் என்னும் உறுதி வேண்டும்.

வங்கித் துறையைச் சார்ந்த நாம் இதைக் கணக்காகவும் நோக்குவோம். 15 அறைகள் உள்ள விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அறைக்கு இருவர் எனில் விருந்தினர் 30 பேர். ஒருவர் உடுத்தியிருக்க ஒன்று, சலவையில் ஒன்று, அடுக்கில் ஒன்று என ஆளுக்கு மூன்றாக 90 ஆடைகள் வேண்டும். சேதத்திற்கென 10 சேர்த்தால் 100. யுகாத்தா ஒன்றுக்கு ஒரு சுருள் வீதம் 100 சுருள்கள். அதாவது 1,200 மீட்டர் துணி. பெரிய ஆலைக்கு இது மிகச் சிறிய வேலை. ஆனால் சிறு நெசவுக் கூடத்திற்கோ இது ஒரு பருவத்தையே நிரப்பக்கூடிய வேலை.

கிமோனோ வணிகத்தில், துணியைக் கடைக்கு ஒப்படைத்துவிட்டு, விற்றபின் பணம் பெறும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. விற்காத துணி நெசவாளரிடமே திரும்பி வரும். நூலுக்கும் சாயத்திற்கும் அவர் முன்னரே செலவிட்ட பணம் அதுவரை முடங்கிக் கிடக்கும். விடுதி உறுதியாக வாங்கிக்கொள்ளும் துணிக்கு இத்துன்பம் இல்லை. ஆயினும் விடுதியின் ஆணையும் மூன்று வகைகளில் தீங்காக முடியலாம். ஒருமுறை பெருமளவில் வாங்கிவிட்டுப் பின்னர் வாங்காமல் நின்றுவிடுவது முதலாவது. திறப்பு விழா நாளைக் காட்டி, பருவத்திற்குக் கட்டுப்பட்ட பணியை அவசரப்படுத்துவது இரண்டாவது. பனியில் வெளுக்கும் துணியைக் கோடையில் வெளுக்கச் செய்ய எவராலும் இயலாது. மூன்றாவது, ஆலைத் துணியின் விலையைச் சொல்லிப் பேரம் பேசுவது.

ஆகவே நல்ல ஒப்பந்தம் என்பது நூல் வாங்க முன்பணம் தருவதாகவும், தேய்ந்த ஆடைகளுக்கு ஈடாக ஆண்டுதோறும் ஒரு சிறு தொகுதியை வாங்குவதாகவும் அமைய வேண்டும். ஆண்டுக்கு 20 சுருள்கள் எனினும் அது தொடர்ந்து வருமாயின், 100 சுருள்கள் ஒருமுறை வருவதைவிட நெசவுக் கூடத்திற்கு அதிக வலிமை தரும். அத்தகைய உறுதியான ஆணையை முன்வைத்துக் கடன் கேட்கும்போது, கடன் தருவோருக்கும் தயக்கம் குறையும்.

சாந்தோம் என்னும் பெயர்

இவ்வாடைகளின் வரலாற்றில் நமக்கு உரிய ஒரு செய்தியும் உண்டு. எதோ காலத்தில் அயல்நாட்டுக் கப்பல்கள் ஜப்பானுக்குக் கொண்டுசென்ற சரக்குகளில், சோழமண்டலக் கரையின் கோடிட்ட பருத்தித் துணியும் ஒன்று. சென்னையின் மயிலாப்பூரை அடுத்த சாந்தோம் துறையின் பெயரால் ஜப்பானியர் அதைச் ‘சாந்தோமே-ஜிமா’, அதாவது சாந்தோம் கோடு என்று அழைத்தனர். நுண்ணிய நூலால் நெய்யப்பட்ட அத்துணியை நகர வணிகர் பெரிதும் விரும்பினர். பின்னர் ஜப்பானிய நெசவாளரே அதைப் பார்த்து நெய்யக் கற்றனர். அவ்வகை நெசவு ‘தோசான்’ எனப் பெயர் பெற்று, சிபா மாநிலத்தின் ததேயாமா நகரில் நம் காலம் வரை காக்கப்பட்டு வந்துள்ளது.

துணியை நெய்த நம் கரையோர நெசவாளரின் பெயர்கள் இன்று நமக்குத் தெரியா. ஆனால் ஊரின் பெயர் துணியோடு கடல் கடந்து சென்று, ஓர் அயல் மொழியில் நிலைத்துவிட்டது. துணி எவ்வூரில் நெய்யப்பட்டது என்பதைச் சொல்லி விற்பதன் பயனுக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா?

நம் வாடிக்கையாளர்களுள் தங்கும் விடுதிகளை நடத்துவோரும் உள்ளனர். நெசவுத் தொழிலில் ஈடுபட்டோரும் உள்ளனர். இரு சாராரும் இதிலிருந்து கொள்ளத்தக்கவை சில உள. துணியைத் தேர்ந்தெடுக்கும் முன், மாதிரி ஆடையொன்றைத் தங்கள் சலவையகத்திலேயே பலமுறை துவைத்துப் பார்க்கவும், தாமே ஓரிரவு உடுத்தி உறங்கிப் பார்க்கவும் விடுதியார் தயங்கலாகாது. தம் துணியை எப்படித் துவைக்க வேண்டும், எப்படித் துவைக்கலாகாது என்பதை நெசவாளர் எழுத்தில் தர வேண்டும். மடித்து வைத்த ஆடையின் மேல், அது நெய்யப்பட்ட ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு சிறு அட்டை இருக்கட்டும். விருந்தினர் விடைபெறும்போது அதே துணியில் ஒன்றை விலைகொடுத்து வாங்க விரும்பினால், அவர் எங்கே செல்ல வேண்டும் என்பதும் அதில் எழுதப்பட்டிருக்கட்டும்.